பின்னறைச் சுவருக்கு எண்ணூற்றைம்பது வெள்ளி

குணா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. நலம் விசாரிப்பதை ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன்: நான் இருக்கிறேன், முழங்கால் வலியும் இருக்கிறது. நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். பினாங்குத் தொழிற்சாலையை விட்டுவிட்டு ஜெலாப்பாங்கில் வேலைக்குச் சேரப்போவதாகவும், அடுத்த மாதம் வசந்தாவை அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கே குடி வருவதாகவும், பிரசவம் ஈப்போவில்தான் என்றும் எழுதியிருக்கிறாய். போன மாதம் சொல்லாமல் வந்து நின்றபோது பின்னறைச் சுவரில் நீ பார்த்த உப்பைச் சரிசெய்ய ஓர் ஆளைப் பிடித்திருக்கிறாய். அவன் உள்பக்கம் ஏதோ மருந்து பூசி, அதன்மேல் பெயிண்ட் அடித்து, பத்து வருடத்துக்கு உத்தரவாதம் எழுதிக் கொடுப்பானாம். எண்ணூற்றைம்பது வெள்ளி கேட்கிறான், முந்நூறு முன்பணம் கொடுக்கட்டுமா என்று என்னைக் கேட்டிருக்கிறாய். அந்த அறைதான் வீட்டிலேயே குளிர்ச்சி, தொட்டிலை அங்கேதான் கட்டவேண்டும் என்று வசந்தா ஆசைப்படுவதாகவும் கடைசியில் ஒரு வரி இருக்கிறது.

முன்பணம் கொடுக்காதே. ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதே. தொட்டிலையும் அங்கே கட்டாதே. அந்த அறைக்குள் பிள்ளையைக் கொண்டுவராதே. இவ்வளவுதான் என் பதில். ஆனால் இதை மட்டும் எழுதி அனுப்பினால், கிழவனுக்குக் காசு செலவழிக்க மனம் வரவில்லை என்று நீ வசந்தாவிடம் சொல்வாய். போன வருடமும் அப்படித்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். அதனால்தான் காரணத்தையும் எழுதுகிறேன். நேரில் சொல்ல என்னால் ஆகாது. இரண்டாவது வார்த்தையிலேயே கோபம் வந்து பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றைப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கும் அனுப்புகிறேன். நாலு பேர் படித்துவிட்டால் பிறகு நான் அப்படிச் சொல்லவில்லை என்று மாற்றிப் பேச முடியாது. தோட்டத்தை விட்டு வந்த நம் ஆட்கள் பலர் இப்போது இதே மாதிரி மண்ணில்தான் வீடு வாங்குகிறார்கள். ஈரம் ஏறாமல் இருக்க எதற்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய். எனக்கு ஒருவர் சொன்னார்.

எழுபத்து நாலில் கோலா கங்சார் பாதையிலிருந்த நம் ரப்பர்த் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றார்கள். இருபத்தெட்டு வருடம் பால் ஸ்டோரில் நின்றவனுக்கு அவர்கள் கணக்குப் பார்த்துக் கொடுத்த தொகையை இங்கே எழுதமாட்டேன். அதோடு உன் அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்ததையும், அவள் கழுத்தில் கிடந்ததையும் சேர்த்துத்தான் ஜெலாப்பாங்குக்கு அப்பால் இந்த மனையை வாங்கினேன். மலிவான மனை. ஏன் மலிவு என்று நான் கேட்கவில்லை. தோட்டத்து லய வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு வீடு என்றால் கூரையும் நாலு சுவரும்தான். கூரை ஒழுகினால் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்வோம், கிராணி துரையிடம் சொல்வார், ஆறு மாதம் கழித்து ஒரு தகரம் வரும். தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எங்களில் ஒருவனும் யோசித்ததில்லை. அது கம்பெனிக்காரன் கவலை. சொந்த வீடு கட்டும்போது அந்தக் கவலையும் நம் தலைக்கு வந்து சேர்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. தெரியாதது குற்றமில்லை. தெரிந்தவர் சொன்னபோது கேட்காததுதான் குற்றம். இந்த வாக்கியத்தை நான் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

சொன்னவர் உன் மாணிக்கம் மாமா. உன் அம்மாவின் அண்ணன், கோப்பெங்கில் கொத்தனார் வேலை செய்தவர். மனையைப் பார்க்க வந்தவர் ஓர் இரும்புக் கம்பியைத் தரையில் செருகி, இரண்டு கையாலும் அழுத்தினார். கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. உருவிப் பார்த்தார். முனையில் சாம்பல் நிறத்தில் சேறு.

"மச்சான், இது ஈயம் தோண்டின குட்டையத் தூத்த எடம்லா. மேல மணலு, கீழ சேறு, அதுக்கும் கீழ தண்ணி படுத்துக் கெடக்கு."

"படுத்துக் கெடக்கட்டும். நான் போயி எழுப்ப மாட்டேன்" என்றேன்.

"நீ எழுப்ப வேணாம். அதுவா எந்திரிக்கும்."

வீடு கட்ட ஒப்புக்கொண்ட சீனத் தவுக்கேயிடம் மாமாதான் பேசினார். வீட்டுக்கு ஏழாயிரத்து அறுநூறு வெள்ளி. சேற்றில் அடிக்கப் பாக்காவ் என்கிற கண்டல் மரக் கம்புகளுக்கு அறுநூறு. அதற்குமேல் நானூற்று இருபது வெள்ளிக்கு ஒரு கணக்கு எழுதியிருந்தார்கள். அடித்தளத்தின் வெளிப்பக்கம் இரண்டு பூச்சுத் தார், செங்கல் சுவர் தொடங்கும் இடத்தில் வீட்டைச் சுற்றி ஒரு வரிசை தார்த்தாள், வெளியே கல் நிரப்பிய கால்வாய் ஒன்று. கம்புக்குச் சம்மதித்தேன். கம்பு அடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் கேட்கிறது, அக்கம்பக்கத்தார் வந்து நின்று பார்க்கிறார்கள். ஆனால் பூசிய மறுநாளே மண்ணைப் போட்டு மூடப்போகிற தாருக்கு நானூற்று இருபது வெள்ளியா? அது அப்போது எனக்கு நாலு மாதச் சம்பளம். முடியாது என்றேன். தோட்டத்து ஆள் எல்லாரும் அந்தத் தவுக்கேக்குத் தண்டல், அதாவது கங்காணி. "தண்டல், இதுல ஜிமாட் வேணாம். வேற எடத்துல ஜிமாட் பண்ணு. ஜன்னல் சின்னதா வையி" என்றார். சிக்கனம் பிடிக்காதே என்று எனக்குப் புத்தி சொல்ல இவர் யார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஜன்னலைப் பெரிதாகவே வைக்கச் சொன்னேன்.

இனி எழுதப்போவதை நீ இதுவரை அறிந்ததில்லை. தோட்டத்தில் கடைசி வாரம். ஸ்டோரில் மருந்து கலந்து, கெட்டுப்போகாமல் வைத்த ரப்பர்ப் பால் டிரம் டிரம்மாக இருந்தது. நாலு டிரம்மை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். திருட்டு என்று அவர்கள் சொல்லலாம், நான் சொல்லமாட்டேன். அவர்கள் எனக்குக் குறைத்துக் கொடுத்ததற்கு நாலு டிரம் பால் ஈடாகாது. தவுக்கேயின் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமாட்டார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, தென்னை மட்டையை நசுக்கிச் செய்த பிரஷ்ஷால் அடித்தளம் முழுவதும் பாலைப் பூசினேன். காயவைத்துக் காயவைத்து ஐந்து பூச்சு. எருமைத் தோல்போல இறுகி நின்றது. கையால் தட்டினால் சத்தம் வரும். நானூற்று இருபது வெள்ளி வேலையைக் காசில்லாமல் முடித்துவிட்டேன் என்று எனக்கு அவ்வளவு பெருமை. மண் போட்டு மூடுவதற்கு முன்னால் மாமா வந்தார். குனிந்து ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னா மச்சான், வீட்டுக்குச் செருப்பு மாட்டி விட்டுட்டியா?"

"சிரிக்காதீங்க. வெள்ளக்காரன் மழைக்கோட்ட என்னத்துல செய்யுறான்? நம்ம பால்லதானே? அவன் முதுகு நனையல, என் செவரு மட்டும் நனைஞ்சிருமா?"

"அவன் வீட்டுக்குப் போயிக் கோட்டக் கழட்டிக் காயப் போடுவான் மச்சான். நீ இத எங்க காயப் போடுவே?"

உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் அன்றைக்கே மண்ணைப் போட்டு மூடச் சொன்னேன்.

முதல் இரண்டு மழைக்காலமும் சுவர் காய்ந்தே இருந்தது. உன் அக்கா கல்யாணத்துக்கு மாமா வந்தபோது, பந்தியில் உட்கார்ந்திருந்தவரைக் கையைப் பிடித்து எழுப்பிப் பின்னறைக்குக் கொண்டுபோய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பத்துப் பேர் பின்னாலேயே வந்துவிட்டார்கள். "சொல்லுங்க, நனைஞ்சிருக்கா? இத்தன பேரு முன்னால சொல்லுங்க" என்றேன். அவர் உள்ளங்கையை முழங்கால் உயரத்தில் வைத்து அழுத்திப் பார்த்தார். "இப்ப நனையல" என்றார். இப்ப என்ற அந்தச் சொல்லை எடுத்துவிட்டுச் சொல்லச் சொன்னேன். மறுத்தார். நான் கேட்ட கேள்விகளையும் அவர் தொழிலைப் பற்றிப் பேசிய பேச்சையும் இங்கே எழுதமாட்டேன். மாமா கையைக்கூடக் கழுவாமல் பாதிச் சாப்பாட்டில் போய்விட்டார். அன்றோடு பேச்சு நின்றது. அண்ணன் வீட்டுக்கு உன் அம்மா தனியாகப் பஸ் ஏறிப் போய் வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்த மழைக்காலத்தில் வாடை வந்தது. பின்னறையில், தரைக்குப் பக்கத்தில், மத்தியானத்தில்தான் அதிகம். உனக்கு ஞாபகம் இருக்கும், எலி செத்துக் கிடக்கிறது என்று நான் சொன்னேன். அலமாரியை இழுத்துப் பார்த்தேன், கூரைப் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். கடைத்தெருவுக்குப் போய் ஒரு எலிப்பொறிகூட வாங்கி வந்து கருவாடு வைத்தேன். எலி அகப்படவே இல்லை. அகப்படாது என்பது எனக்குத் தெரியும், குணா. முதல் நாள் மூக்கில் ஏறியபோதே தெரியும். மழையில் ஊறிப்போன ஒட்டுப்பால் அழுகும்போது வருகிற வாடை அது. இருபத்தெட்டு வருடம் அதற்குள் நின்றவனுக்கு அதை எலியிலிருந்து பிரித்தறிய முடியாதா? மண்ணுக்குள் என் ஐந்து பூச்சும் அழுகிக்கொண்டிருந்தது. அழுகிய தோல் தண்ணீரை வெளியே நிறுத்தவில்லை. சுவருக்கும் அதற்கும் நடுவே வந்த தண்ணீரைப் பையில் பிடித்ததுபோல வைத்துக்கொண்டது. அதையெல்லாம் உள்ளுக்குள் நான் கணக்காக அறிந்துகொண்டேதான் எலிப்பொறிக்குக் கருவாடு வைத்தேன்.

அந்த அறையில் படுத்தவள் உன் அம்மா. முன்னறையில் ரோட்டுப் புழுதியும், எதிர்ப்பக்கத்து ஈயச் சுரங்கத்தின் பம்புச் சத்தமும் அவளுக்கு ஆகாது. முதலில் பாயைச் சுவரோடு ஒட்டிப் போட்டுப் படுத்தாள். அடுத்த வருடம் பாய்க்கும் சுவருக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அதற்கடுத்த வருடம் ஒரு முழம். கடைசியில் பாய் அறையின் நடுவுக்கு வந்துவிட்டது. ஏன் நகர்த்துகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று கேட்கவில்லை. இருமல் வந்தது. பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நான் ஒருநாள் பேச்சுக்கு, வீட்டில் அந்த எலி வாடை இப்போது இல்லை என்றேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எந்த எலிங்க? ஸ்டோர்லேருந்து வந்த மனுசனோட சட்டைய இருவத்தெட்டு வருசம் தொவைச்சவ நானு. பாலு வாடைக்கும் எலி வாடைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"பொறி வாங்கிட்டு வந்தீங்க. பாவமா இருந்துச்சு."

எண்பத்திரண்டில் அவள் போனாள். நெஞ்சில் சளி என்று டாக்டர் எழுதினார். சுவர் என்று அவர் எழுதவில்லை. நானும் எழுதமாட்டேன், எனக்கு அது நிச்சயமாகத் தெரியாது. இல்லை என்றும் எழுதமாட்டேன். மாமா சாவுக்கு வந்தார். என்னோடு பேசவில்லை. பின்னறை வாசலில் நின்று சுவரை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகாவது புத்தி வந்திருக்கவேண்டும். எனக்கு வந்தது வேறு. தீபாவளிக்கு நீ பினாங்கிலிருந்து வருவதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் பின்னறைச் சுவரைச் சுரண்டி, உப்பைத் துடைத்து, கெட்டியான நீல எண்ணெய்ப் பெயிண்டை அடித்துவிடுவேன். நீ வரும்போது சுவர் பளபளக்கும். நீ போன இரண்டாவது மாதம் பெயிண்டில் கொப்புளம் கிளம்பும். ஊசியால் குத்தினால் தண்ணீர் வரும். இப்படி நாலு தீபாவளி. ஒவ்வொரு முறையும் பெயிண்டுக்கும் சுண்ணாம்புக்கும் எழுபது எண்பது வெள்ளி. நீ இப்போது எண்ணூற்றைம்பது கொடுத்து வாங்கப் பார்க்கிறாயே, அதே வேலைதான் அது. அவனுடைய டின்னில் படம் நன்றாக இருக்கும், அவ்வளவுதான். உள்ளே பூசினால் ஈரம் போகாது, நம் கண்ணிலிருந்து மறையும். மறைந்த ஈரம் அதுபாட்டுக்கு மேலே ஏறிக்கொண்டிருக்கும். அவன் எழுதிக் கொடுக்கிற பத்து வருட உத்தரவாதத்தைச் சுவருக்குப் படித்துக் காட்டவா முடியும்? போன தீபாவளிக்குப் பெயிண்ட் காய்ந்து ஐந்து நாள்கூட ஆகவில்லை. நீ வசந்தாவை அந்த அறைக்கு அழைத்துக்கொண்டு போய், "அப்பா, இந்த ரூம்தான் நல்லா ஜில்லுன்னு இருக்கு. தொட்டில் இங்க கட்டலாம்லா?" என்று கேட்டாய். அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காததோடு, மறுநாள் கடைக்குப் போய்த் தொட்டிலுக்கு ஒரு கொக்கி வாங்கி வந்து உத்திரத்தில் அடித்தும் வைத்தேன். உங்களுக்குக் கொப்புளம் தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக என் பேரப்பிள்ளையை அந்தச் சுவரோரம் படுக்க வைக்கவும் நான் தயாராக இருந்திருக்கிறேன்.

இனிதான் உனக்குத் தெரியவேண்டிய பெரிய விஷயம். எதிர்ப்பக்கத்துச் சுரங்கத்தின் பம்பு ஞாபகம் இருக்கிறதா? பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை என்று நீ காதில் பஞ்சு வைத்துக்கொள்வாய். இராப்பகலாக ஓடிய பம்பு. ஈய விலை விழுந்து சுரங்கத்தை மூடியபோது அதுவும் நின்றது. தெருவே நிம்மதி என்றது. எனக்கும் நல்ல தூக்கம் வந்தது. அதற்குப் பிறகு ஒருநாள் பின்னறையில் பார்க்கிறேன், கணுக்கால் உயரத்தில் இருந்த வெள்ளைக் கோடு முழங்காலுக்கு வந்திருக்கிறது. மழையே இல்லாத மாதம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. உன் கடிதம் வந்ததும், தொட்டில் என்ற சொல்லைப் படித்ததும், சனிக்கிழமை காலையில் கோப்பெங்குக்குப் பஸ் ஏறினேன். பத்து வருடம் போகாத வாசல். மாமாவுக்குக் கண்ணில் பூ விழுந்திருக்கிறது. குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டார்.

"யாரு, செருப்புக்காரரா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

"செருப்பு அறுந்துருச்சா?"

"அறுந்துருச்சு."

"உள்ள வாங்க. காப்பி குடிச்சிட்டுப் போலாம்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சமாதானம் பேசத் தயாராக வைத்திருந்த இரண்டு வாக்கியங்களும் தேவைப்படவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அன்றைக்கே அவரை நம் வீட்டுக்கு அழைத்து வந்தேன். பின்னறை மூலைக்கு வெளியே அவர் காட்டிய இடத்தில் நான்தான் தோண்டினேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். இடுப்பளவு போனதும் என் பால் பூச்சு தெரிந்தது. கறுத்து, குழைந்து, கையில் எடுத்தால் மீன் செவுள்போலக் கிழிந்தது. வாடை மேலே வந்ததும் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூச்சுக்குப் பின்னால் செங்கல்லை விரலால் நோண்டினேன், மாவாக உதிர்ந்தது. காப்பி குடிக்கலாம் என்று நான் மேலே ஏறி வந்தேன். ஒரு கோப்பை காப்பிதான். திரும்பிப் போய்ப் பார்த்தபோது குழியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மூன்று வாரமாக வானத்திலிருந்து ஒரு சொட்டு விழவில்லை.

மாமா ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்தார். "எதிர்ல பம்பு ஓடுதா?" என்று கேட்டார். இல்லை, நிறுத்திவிட்டார்கள் என்றேன். அவர் குச்சியைக் கீழே வைத்தார். "அப்ப புரிஞ்சிருச்சு. இத்தன வருசம் அவன் எறைச்சதுல ஓங்க வீட்டுக்கடியில தண்ணி எறங்கி இருந்திருக்கு. இப்ப எறைக்க ஆளில்ல. குட்டை அதோட எடத்துக்குத் திரும்பி வருதுலா, மச்சான்."

விலை கேட்டேன். நீயும் கேட்டுக்கொள், இதைப் படிக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளட்டும். வீட்டைச் சுற்றி அடித்தளம்வரை தோண்டி, பழையதைச் சுரண்டி, காயவிட்டு, சிமெண்டில் மருந்து கலந்து பூசி, தார் இரண்டு பூச்சு அடித்து, குழாய் பதித்து, கல் நிரப்பி, அந்தத் தண்ணீர் ஓடுவதற்குத் தாழ்வான ஒரு கால்வாயில் கொண்டுபோய் விட்டால், இன்றைய கூலிக்கு நாலாயிரத்து ஐந்நூறு வெள்ளி என்றார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானூற்று இருபதில் முடிந்திருக்கவேண்டிய வேலை. பக்கத்திலிருந்து வருகிற மழைத் தண்ணீருக்குத்தான் இந்த விலை. அடியிலிருந்து ஏறி வருகிற குட்டைக்கு எவ்வளவு என்று கேட்டேன். "அதுக்கு வெலை சொல்றவன் பொய் சொல்றான்" என்றார் மாமா. அவர் வாழ்நாளில் எனக்குச் சொன்னதில் நான் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

அதனால் வீடு வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். மனை மலிவாக இருந்தால் முன்பு அங்கே என்ன இருந்தது என்று கேளுங்கள். விற்கிறவனிடம் கேட்காதீர்கள், பக்கத்தில் பத்து வருடம் குடியிருக்கிறவனிடம் கேளுங்கள். அவன் வீட்டுச் சுவரில் முழங்காலுக்குக் கீழே கையை வைத்துப் பாருங்கள். புதுப் பெயிண்ட் அடித்த அறையில் மற்ற அறைகளைவிட அதிக நேரம் நில்லுங்கள். புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால், கட்டுகிற செலவில் இருபதில் ஒரு பங்கு மண்ணுக்குள் போய் மறையும் என்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். அது போதாமல் போனால் ஜன்னலைச் சிறிதாக வையுங்கள். அந்தத் தவுக்கே எனக்குச் சொன்னது சரிதான். கட்டி முடித்த வீட்டில் ஈரம் வந்துவிட்டால், பிரஷ்ஷோடு வருகிறவனுக்குக் காசு கொடுக்காதீர்கள். மண்வெட்டியோடு வருகிறவனிடம் விலை கேளுங்கள். அவனிடமும், எடுக்கிற தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடுவாய் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவன் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் அந்த விலை அதிகம்.

உனக்குச் சொல்வது வேறு. இந்த வீட்டில் நீ காசு போடாதே. மாமா வீட்டுக்கு முன்பக்கம் இரண்டு அறை காலியாக இருக்கிறது. செம்மண் மேடு, கடப்பாரை இறங்காத தரை, நானே குத்திப் பார்த்துவிட்டு வந்தேன். வாடகை பேசி முடித்தாயிற்று. ஜெலாப்பாங்குக்குக் கொஞ்சம் தூரம்தான், மோட்டார் சைக்கிளில் போய் வா. சொந்த வீடு இருக்கும்போது வாடகையா என்று வசந்தாவின் வீட்டார் கேட்டால் இந்தக் கடிதத்தைக் கொடு, படிக்கட்டும். இந்த வீட்டை உனக்கென்று விட்டுப்போகிறேன் என்று உன் கல்யாணத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உனக்குக் கொடுக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. அதற்காக ஈரச் சுவரைக் கொடுக்க முடியாது.

நான் வரமாட்டேன். கூப்பிடாதே. தோட்டத்திலிருந்து ஒருதரம் கிளப்பிவிட்டார்கள், போதும். இந்த மண்ணை விற்றவன், குட்டை என்று சொல்லாமல் விற்றவன், இன்றைக்கும் ஈப்போவில் நன்றாகத்தான் இருக்கிறான். அவனை நான் மன்னிக்கப்போவதில்லை. நீயும் என்னை மன்னிக்கவேண்டும் என்று கேட்டு இதை எழுதவில்லை. முன்னறைத் தரை இன்னும் காய்ந்திருக்கிறது, நான் அங்கே படுத்துக்கொள்கிறேன். தோட்டத்தை விட்டு வந்த நாளிலிருந்து பத்து வருடம் ஜாகா வேலை பார்த்தவன் நான், ஒரு குழியைக் காவல் காக்க எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் வரும். உத்திரத்தில் அடித்த தொட்டில் கொக்கி அது. கழற்றிவிட்டேன். ஈர அறையில் இத்தனை மாதம் இருந்ததில் துரு ஏறியிருக்கிறது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்திருக்கிறேன். ஆனாலும் அதைக் கோப்பெங்கில் மாட்டாதே, புதிதாக ஒன்று வாங்கு. அது எப்படி இருக்கிறது என்று நீ பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான் அனுப்புகிறேன்.

பின்னறைக் கதவை ஆணி அடித்து மூடிவிட்டேன். குழியை மூடவில்லை. மாமா கோப்பெங் திரும்பிய அன்று, தண்ணீர் நின்ற மட்டத்துக்கு நாலு விரல் மேலே, அடித்தளத்தில் ஓர் ஆணி அடித்து வைத்தேன். இன்று காலை இந்தக் கடிதத்தை எழுத உட்காரும் முன் போய்ப் பார்த்தேன். ஆணி நன்றாகத் தெரிந்தது. இப்போது மத்தியானம். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவித்தான் அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தேன்.

அப்பா